அப்படியே நில்லு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்கியது; வாய்தான் இறங்கவில்லை. நீ, அத்தான், பாப்பு எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைக்காதே. கண் மங்க மங்க அம்மாவுக்குக் காது கூர்மையாகிக்கொண்டே போகிறது. நான் போனில் உன்னிடம் ஒன்று சொன்னால் அடுத்த அறையிலிருந்து அவள் இரண்டு பதில் சொல்கிறாள். காகிதத்துக்குத்தான் காது கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் பல் லேப் ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆயிற்று என்று முதலாளி எல்லாரையும் பவுலிங் விளையாட அழைத்துப் போனார். நீளமான வழவழப்பான மரப்பாதை, அந்தக் கடைசியில் பத்து பின்கள், பந்தை உருட்டி விழ வைக்க வேண்டும். ஷூ கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்த பெண் வாய் தவறி என்னிடம் "மேடம், உங்க சைஸ்?" என்று கேட்டுவிட்டு, சக்கர நாற்காலியைக் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அஞ்சு. என்கிட்ட குடுத்தா தேயாது, அப்படியே புதுசாத் திருப்பித் தருவேன்" என்றேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தாள்.

அப்புறம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் ஒரு சின்னச் சறுக்குமரத்தை முதலாளி என் சக்கர நாற்காலிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார். பந்தை உச்சியில் வைத்து விரலால் தொட்டால் போதும், தானே உருண்டு போகும். போயிற்று. நாலு பின் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பந்தைத் தள்ளியது சறுக்குமரம், கைதட்டு எனக்கு. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

கடைசி லேனில் என்னைப் போலவே சக்கர நாற்காலியில் ஒரு அம்மா இருந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கிடையாது. நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, வெறும் கையால் பந்தை வீசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "ஏம்மா, கை இருக்குல்ல? அப்புறம் எதுக்கு அந்தச் சறுக்குமரம்?" என்றாள். குரல் பஸ் ஹாரன் மாதிரி. விசாரித்தால், பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளாம். எல்லாரும் டிரைவரம்மா என்கிறார்கள்.

சறுக்குமரத்தைத் தள்ளிவிட்டேன். முதல் பந்து நேராக ஓரப் பள்ளத்தில். இரண்டாவதுக்கு என் நாற்காலியே அரைவட்டம் திரும்பிவிட்டது. பல பந்துகளுக்கு அப்புறம் ஒன்று ஏழு பின்னைச் சாய்த்தது அக்கா! விழும் சத்தம் இருக்கிறதே, அது நெஞ்சுக்குள் கேட்டது. முதுகுத்தண்டுக் கட்டியை எடுத்து, காலும் விளங்காமல் போய், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் தள்ளி எதுவும் அப்படி விழுந்ததில்லை. இனி மாலை வேளைகளில் அங்கே போய்ப் பழகப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து "பவுலிங் போட்டேம்மா" என்றேன். "அப்படியா, யாரு பேட்டிங்?" என்றாள் உன் அம்மா.

பாப்புவுக்கு என் முத்தம். பதில் எழுது.

உன் வாண்டு


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

இங்கு மூவரும் நலம். உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அறிவியல் டீச்சர் "என்ன விசேஷம்" என்று கேட்டாள். "என் தங்கச்சி பேட்டிங் இல்லாத பவுலிங் போடுறா" என்றேன்.

நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அக்காவாகச் சில கேள்விகள் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எல்லா வேலைக்கும் அந்தத் தோள்தான் முதல். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சக்கரம் தள்ளுவது, லேபில் பல் செதுக்குவது எல்லாம் அதை நம்பித்தான். அது பிசகினால்? நீ அங்கே போகும் மாலை நேரத்தில் அம்மாவுக்கு ஊசி யார் போடுவது? நானாவது பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. நானும் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே பாடம் நடத்துகிறேன்.

அத்தானுக்கு அலுவலகத்தில் ஏதோ மாற்றங்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

மே விடுமுறையில் நான் மட்டும் வருகிறேன், பத்து நாள் இருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வருவதாக எழுதியதிலிருந்து அம்மா தினமும் "மே எப்போ" என்று கேட்கிறாள். நாள்காட்டியை மாற்றவா முடியும்?

ஊசி பற்றிக் கவலைப்படாதே. போட்டுவிட்டு, அம்மாவையும் சாப்பிட வைத்து, கூடவே அழைத்துக்கொண்டு போகிறேன். அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பின் விழும் சத்தத்தை வைத்தே "இது நாலு", "இது ஒண்ணுமில்ல, பள்ளம்" என்று சொல்லிவிடுகிறாள். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. எதிர் அணிக்காரர்களே பயப்படுகிறார்கள்.

விளையாட்டு பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்குத் தலைவலி. நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். பிரேக் இறுக வேண்டும். இடது கையால் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பை வலது பக்கம் சாய்த்து, சக்கரத்தை உரசாமல் பந்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டி விட வேண்டும். நடப்பவர்கள் ஓடி வந்து வேகம் எடுப்பார்கள். நமக்கு எல்லா வேகமும் தோளிலிருந்துதான். முதல் வாரம் விரல் முட்டியெல்லாம் சக்கரத்தில் அடிபட்டு நீலம். நாற்காலியை ஒரு மயிரிழை திருப்பி நிறுத்தினாலும் பந்து வேறு ஊருக்குப் போகிறது.

பந்தில் கட்டை விரல் போகும் ஓட்டை எனக்கு இறுக்கமாக இருந்தது. பந்தை லேபுக்கு எடுத்துப் போய், பல் செட்டைத் தேய்க்கும் மிஷினிலேயே கொஞ்சம் தேய்த்துக்கொண்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "இது எந்த வாய்க்கும்மா?" என்றார்.

டிரைவரம்மா எனக்குப் பல்லு என்று பெயர் வைத்துவிட்டாள். "ஏ பல்லு, பந்தைப் பாக்காத, பாதையில வரைஞ்சிருக்கிற அம்பைப் பாரு! பஸ் ஓட்டும்போது நான் ஸ்டியரிங்கையா பாத்தேன்?" திட்டுவாள், பிறகு டீ வாங்கித் தருவாள்.

முதல் ஆட்டத்தில் மொத்தம் அறுபத்தொன்று எடுத்தேன். போன வாரம் நூற்றுப் பன்னிரண்டு. சக்கர நாற்காலிக்காரர்களின் லீக்கில் பெயர் கொடுத்துவிட்டேன். நாற்பத்தோரு வயதில் விளையாட்டு வீராங்கனை! சிரிக்காதே. சரி, சிரி.

உன் வாண்டு


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். நீ போன மறுநாள் வீடு ஓவென்று இருந்தது. நீ மடித்து வைத்த துணிகளை அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "பெரியவ மடிப்பே தனி" என்றாள். நான் மடித்ததை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தடவிப் பார்த்ததில்லை. போகட்டும்.

சமையலறையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் தட்டு டப்பாவை எடுக்க நான் மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதைப் பார்த்து நீ அப்படி அழுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தபோதே டாக்டர் சொன்னார், நரம்பு முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. வயிற்றை மேடையில் சாய்த்துக்கொண்டால் சில நொடி நிற்க முடியும். அவ்வளவுதான். நடை கிடையாது. அப்புறம் நாள் முழுக்கக் கால் உதறும். நீ "இன்னொரு தடவை நில்லுடி, நான் போன்ல வீடியோ எடுத்துக்கறேன்" என்று கெஞ்சியதால்தான் இரண்டாவது முறை நின்றேன். முதல் முறை டப்பாவுக்காக. இரண்டாவது முறை உனக்காக. அதில்தான் முட்டி மடங்கி விழப் பார்த்தேன், நீ ஓடி வந்து பிடித்தாய்.

அந்தப் படத்தை நீ வைத்துக்கொள். வேறு யாருக்கும் காட்டாதே அக்கா. பார்க்கிறவர்கள் பாதியைப் பார்த்துவிட்டு மீதியைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள்.

இப்போது பெரிய செய்தி. நாட்டு அணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! ஆறு பேரில் நான் ஒருத்தி. டிரைவரம்மாதான் கேப்டன். தேர்வு ஆட்டத்தில் நூற்று ஐம்பத்தெட்டு எடுத்தேன். கடைசிப் பந்தில் பத்தும் விழுந்தபோது அம்மா பின்னாலிருந்து "மொத்தமும் போச்சு!" என்று கத்தினாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று பக்கத்து லேன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை தலைநகரில் பயிற்சி முகாம். டிசம்பரில் வெளிநாட்டில் போட்டி. லேபில் விடுமுறை கிடைத்துவிட்டது. அம்மாதான் கேள்வி. அந்த நாலு மாதம் அவள் உன்னோடு இருக்க முடியுமா? உன் வீட்டு மாடி எனக்கு நினைவிருக்கிறது. ஒரு முறை ஏறிவிட்டால் நாலு மாதம் கழித்து இறங்கினால் போதுமே. நான் உன்னிடம் இப்படி ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை.

சீக்கிரம் எழுது.

உன் வாண்டு


ஜூலை 19

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. பள்ளி திறந்த நேரம், புது வகுப்புகள், விடைத்தாள், மூச்சுவிட நேரமில்லை.

உன் செய்தி படித்து மிக்க மகிழ்ச்சி. நாட்டு அணி என்றால் சும்மாவா! பாப்பு தன் தோழிகளிடம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

இங்கே மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை. இரண்டாவது மாடிக்காரர் போன மாதம் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. பாப்புவுக்கு இது முக்கியமான வருஷம். கூடத்தில்தான் படிக்கிறாள்.

அம்மாவைப் பற்றி அத்தானிடம் நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

நீ நின்ற அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒழுங்காக வைத்தியம் பார்த்தால் நீ நடந்துவிடுவாய் என்றே எனக்குத் தோன்றுகிறது. பந்தில் செலவழிக்கும் பலத்தைக் காலில் செலவழிக்கக் கூடாதா?

அன்பு அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

நலம். நேரமில்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். என் கால் பற்றி டாக்டர்கள் பன்னிரண்டு வருஷம் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். நீயும் கூடத்தான் இருந்தாய்.

அம்மா விஷயத்தில் முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் முடியாது என்று எழுது. உன்மேல் ஒரு வருத்தமும் வராது, நான் வேறு ஏற்பாடு செய்துகொள்வேன். இழுத்தடித்தால்தான் கஷ்டம்.

உன் வாண்டு


ஆகஸ்ட் 14

அன்புத் தங்கைக்கு,

அம்மா தாராளமாக வரட்டும். அவள் எனக்கும் அம்மாதானே? செப்டம்பர் முதல் வாரம் அழைத்துக்கொண்டு வா. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு வைக்கிறேன். நீ ஒன்றைப் பற்றியும் கவலைப்படாமல் விளையாடு.

உன் வெற்றிக்கு என் ஆசிகள்.

அன்பு அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். அவளை அழைத்து வரும் பயணத்தை ரத்து செய்ததை போனில் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள்.

போன மாதக் கடைசியில் பவுலிங் சங்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். சீருடை அளவெடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் செயலாளர், ஒரு டாக்டர், கேப்டன் என்ற முறையில் டிரைவரம்மா. மூவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செயலாளர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஒரு பட்டனை அழுத்தினார்.

நம் சமையலறை அக்கா. நம் மேடை, நம் டப்பாக்கள். நான் எழுந்து நிற்கிறேன். பின்னால் ஒரு குரல்: "நில்லு... அப்படியே நில்லு... என் கண்ணே, எவ்வளவு அழகா நிக்கிற!" அடுத்த அறையில் அம்மா இருமுகிறாள். அத்தோடு படம் முடிகிறது.

என் முட்டி மடங்கியது அதில் இல்லை. நீ ஓடி வந்து பிடித்தது இல்லை. யாரோ அந்த இடத்துக்கு முன்னால் வெட்டியிருக்கிறார்கள்.

"இது நீங்கதானேம்மா?" என்றார் டாக்டர்.

"ஆமா."

"நிக்க முடியும்னு எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்ட பரிசோதனைக் காகிதம் எல்லாம் குடுத்தேனே சார். அதுல இருக்கு."

"இந்தக் குரல் யாரோடது?"

நான் சிரிக்கப் பார்த்தேன். உதடுதான் விரிந்தது. "தெரியல" என்றேன்.

மறுபடி பரிசோதனை முடியும் வரை என்னை அணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முகாம் நான் இல்லாமலே தொடங்கிவிட்டது. வெளியே தாழ்வாரத்தில் டிரைவரம்மா என் வழியை மறித்து நாற்காலியை நிறுத்தினாள். "ஏ பல்லு, உன் வீட்டுச் சமையக்கட்டுல நிக்கிறது யாருன்னு உனக்குத் தெரியாதா?" நான் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டி அவளுக்கு வழிவிட்டேன். அவள் போய்விட்டாள். அணியில் இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி, பிறந்ததிலிருந்தே நடக்காதவள், என்னைத் தாண்டும்போது, "நடக்க முடிஞ்சவங்களுக்கு வேற விளையாட்டே இல்லையா?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

உன் போன் தொலைந்துவிட்டதா அக்கா? யாராவது எடுத்தார்களா? ஏதாவது ஒன்று சொல். நீ என்ன சொன்னாலும் நம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன்.

வாண்டு


அக்டோபர் 11

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். இரண்டு நாள் சாப்பிடவே பிடிக்கவில்லை. உனக்கு இப்படி நடந்திருக்க வேண்டாம்.

என் போன் எப்போதும் ஆசிரியர் அறை மேசைமேல்தான் கிடக்கும். பூட்டு எதுவும் வைப்பதில்லை. யார் எடுத்தார்களோ, யார் அனுப்பினார்களோ. இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எது நடந்தாலும் அதில் ஒரு நன்மை இருக்கும். நாலு மாதம் தனியாக, முன்பின் தெரியாத இடத்தில், அந்தத் தோளை வைத்துக்கொண்டு நீ என்ன பாடுபட்டிருப்பாயோ. அம்மாவுக்கும் இந்த வயதில் இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு உன் கை பழகிவிட்டது. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதுதான் எனக்கும் நிம்மதி.

குளிர் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குக் காலுறை போட்டுவிடு.

அன்பு அக்கா


நவம்பர் 22

அக்காவுக்கு,

அம்மா நலம். காலுறை போட்டிருக்கிறாள்.

பரிசோதனை முடிந்தது. நரம்பு, தசை, எல்லாவற்றையும் ஊசியும் ஒயருமாகப் பார்த்தார்கள். சக்கர நாற்காலிப் பிரிவில் ஆட எனக்கு முழுத் தகுதி உண்டு, சில நொடி சாய்ந்து நிற்பதால் அது போகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. அணி அடுத்த வாரம் விமானம் ஏறுகிறது. அந்தச் சின்னப் பெண் வந்து மன்னிப்புக் கேட்டாள். "நீ கேக்க வேண்டாம்மா" என்றேன். யார் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

செயலாளர் நல்ல மனிதர். வெளியே வரை வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெளியாள் யாரும் இல்லம்மா. உங்க குடும்பத்துலேருந்தே போன் வந்துச்சு. உங்க நல்லதுக்காகத்தான்னு சொன்னாங்க. டீச்சர்னு சொன்னாங்க." எப்போது என்று கேட்டேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி என்றார்.

'அம்மா தாராளமாக வரட்டும்' என்று நீ எழுதியது ஆகஸ்ட் பதினாலு. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், தெரியுமா? எங்க அக்கா மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று லேபில் எல்லாரிடமும் சொன்னேன்.

மூன்று பேர் முன்னால் உன் குரலைத் தெரியாது என்று சொன்னவள் நான். நீ என்னை விட்டுக்கொடுத்த அறையில் உட்கார்ந்து நான் உன்னை விட்டுக்கொடுக்காமல் இருந்தேன்.

அம்மாவிடம் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் படம் இப்போது அணிக்காரர்கள் எல்லார் போனிலும் இருக்கிறது. எனக்கும் ஒருத்தி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா குளிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து எந்த இடத்தில் வெட்டியிருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் அம்மா துண்டோடு நின்றாள்.

"அது பெரியவ குரலாச்சே" என்றாள்.

"இல்லம்மா, ஏதோ..."

"எனக்குக் கண்ணுதான்டி போச்சு. அது அவ. நடுவுல இருமுறது நான். அவ வந்திருந்தப்ப எடுத்தது. அதையா அந்த ஆளுங்க பாத்தாங்க?"

நான் போனை அணைத்தேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ போயிட்டா நான் அங்க போகணும். அதுக்குத்தானே?"

"தெரியலம்மா."

"உனக்குத் தெரியும். அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அவ. 'அம்மா, என்னால முடியல'ன்னு ஒரு வார்த்தை. நான் என்ன, கடிச்சா தின்னுடப்போறேன்? என் வாயில இருக்கிற பல்லே நீ செஞ்சு குடுத்தது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவே இல்லை அக்கா. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ அனுப்பினாய் என்பதை என்னால் ஒருவேளை விழுங்க முடியும். நான் விழுந்ததை நீ வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினாயே, அது தொண்டையிலேயே நிற்கிறது.

தங்கை


டிசம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? சர்க்கரை பார்த்தாயா? என்மேல் கோபம் இருந்தாலும் அதைச் சாப்பாட்டில் காட்டாதே.

உனக்கு எழுதாத செய்தி ஒன்று. அத்தானுக்குப் பிப்ரவரியிலேயே வேலை போய்விட்டது. அன்றிலிருந்து கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். யாராவது செருப்புச் சத்தம் கேட்கும்படி நடந்தால்கூடக் கத்துகிறார். பாப்பு மாடிப்படியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். நான் பள்ளியில் மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் காலி வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். இந்த வீட்டுக்குள் அம்மாவின் வாயையும் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. உனக்கு நான் எப்படி எழுதுவேன்? சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு நீ எல்லாம் செய்கிறாய். இரண்டு காலும் உள்ள நான் முடியாது என்று எப்படி எழுதுவேன்?

இப்போது அம்மாவை அனுப்பு. எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

இங்கு நலம். அத்தானுக்கு வேலை கிடைத்ததா? பாப்புவின் பரீட்சை நன்றாக முடியட்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அத்தானைப் பற்றிப் படித்தபோது உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது. நீ காலி வகுப்பில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீ எழுத வேண்டிய ஒரு வார்த்தை அதில் எங்கும் இல்லை. என் நாற்காலியைக்கூட அதற்குக் காரணமாகச் சொல்லியிருக்கிறாய்.

நம் அணி நாலாவது இடத்தில் வந்தது. நான் இருந்திருந்தால் மூன்றாவது என்று டிரைவரம்மா சொல்கிறாள். நான் இருந்தால் ஆறாவதாகக்கூட வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ளத்தான் எனக்கு வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

இந்த வருஷத் தேர்வு போன வாரம் நடந்தது. பெயரைக் கூப்பிட்டதும் நாலு பேர் என் காலைப் பார்த்தார்கள். இனி எங்கே போனாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். பிரேக்கைப் போட்டேன், சாய்ந்தேன், வீசினேன். நூற்று எழுபத்திரண்டு. எடுத்துக்கொண்டார்கள். மார்ச்சில் முகாம்.

அம்மாவை உன்னிடம் அனுப்பவில்லை. டிரைவரம்மாவின் அண்ணி, ஓய்வுபெற்ற நர்ஸ், தரைத்தள வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மாவை அவர் பார்த்துக்கொள்வார். அம்மாவே போய்ப் பேசி முடிவு செய்துவிட்டாள். முதல் நாளே அந்த அம்மாவின் சமையலில் உப்பு குறைச்சல் என்று சொல்லியாகிவிட்டது. விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அவளுக்கு நீ தாராளமாக எழுதலாம், போய்ப் பார்க்கலாம். வந்தால் சந்தோஷப்படுவாள்.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். தன் பங்குக்கு எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெரியவளே, நான் எதையும் மனசுல வெச்சுக்கல. நீயும் வெச்சுக்காத. நேரத்துக்குச் சாப்பிடு."

படித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். "நீயும் நல்லதா ரெண்டு வார்த்தை எழுதுடி, கூடப் பொறந்தவ" என்றாள். "எழுதறேம்மா" என்றேன். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் மன்னிப்பு இந்தக் கடிதத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள். என்னுடையது இதில் இல்லை. இருப்பதுபோல எழுதி அனுப்ப எனக்கு வரவில்லை.

தங்கை